"கோழி தானே" என்று இனிச் சொல்லாதீர்கள்



அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் என் மகன், கோழிக்கூண்டுக்கு ஏர்கூலர் வைத்திருக்கும் படத்தை நேற்று குரூப்பில் போட்டேன். "கோழிக்குக் கூலரா? காசு கொழுத்துப் போச்சு", "நம்ம ஊர்க் கோழிக்கு யார் கூலர் வச்சா?" என்று ஒரே கேலி. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் அறிவியல் நடத்தினேன். அதனால் கோபமாகவே எழுதுகிறேன்.

போன வருடம் நானும் இதையேதான் சொன்னேன். 2024-ல் அந்த மாநிலத்தில் வந்த சட்டப்படி, அரை ஏக்கருக்குட்பட்ட தனி வீட்டிலும் ஆறு கோழி வரை வளர்க்கலாம். மகன் ஆறு வாங்கினான். "கூலர் வைக்கட்டுமா அம்மா?" என்று போனில் கேட்டான். "கோழி தானேடா, நிழலும் தண்ணியும் இருந்தா போதும்" என்றேன். ஜூன் மாதம் ஒரே மத்தியானத்தில் மூன்று செத்துப்போயின. மூன்றும் புசுபுசுவென்று இறகு மூடிய கனத்த ஜாதி. "பாட்டி, நீங்கதானே போதும்னு சொன்னீங்க?" என்று பேத்தி கேட்டாள். முப்பத்து நாலு வருடம் பாடம் நடத்தியவளுக்குப் பதில் வரவில்லை.

இப்போது பாடத்தைக் கேளுங்கள். கோழிக்கு வியர்க்காது. கொண்டை, தாடி வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறும். மற்றபடி வாயைத் திறந்து மூச்சிரைப்பதுதான் வழி. அதன் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. நம்ம ஊரில் 38 டிகிரி அடித்தாலும் காற்று அதைவிடக் குளிர்ச்சிதான். வேப்பமரத்தடியில் மண்ணைக் கிளறிப் படுத்துத் தப்பித்துவிடும். ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 43 டிகிரிக்குக் குறையவில்லை. காற்றே கோழியைவிடச் சூடு! அங்கே வெறும் ஃபேன் போட்டால் அனல்தான் வீசும். தண்ணீர் ஆவியானால்தான் சூடு இறங்கும். நம் மண்பானைக் கணக்குதான் கூலரும். காற்று வறண்டிருப்பதால் நன்றாக வேலை செய்யும். ஜூலை, ஆகஸ்டில் ஈரக்காற்று வந்தால் அதுவும் திணறும். அப்போது கோழியை வீட்டுக்குள்தான் கொண்டு வைக்க வேண்டும்.

இது ஆடம்பரமா? கோழி என்ன, தானாக விசா எடுத்துப் பாலைவனத்துக்குப் போனதா? கொண்டுபோனவன் செலவு செய்யத்தான் வேண்டும்.

துபாய், ரியாத் பக்கம் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தகரக் கூண்டு வேண்டாம், அது அடுப்பு. படத்தைப் பார்த்துப் புசுபுசு ஜாதி வாங்காதீர்கள். லெகார்ன் மாதிரி மெலிந்த உடம்பும் பெரிய கொண்டையும் உள்ளது கொஞ்சம் தாங்கும். செரிக்கும்போது உடம்பு சூடாகும், அதனால் தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் போடுங்கள். தண்ணீரை நிழலில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பார்க்க வீட்டில் ஆள் இல்லையா? வளர்க்காதீர்கள். முட்டையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி மூன்று கோழியும் இந்த ஜூனைத் தாண்டிவிட்டன. இனி சிரிக்க நினைப்பவர்கள் முதலில் என் பேத்திக்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்