எவர்க்கு எந்த நன்றி?



தனித்திறன் பெற்ற தொழிலாளரை ஜப்பானுக்கு அனுப்புவது குறித்து 2021 ஜனவரியில் இரு நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன. அவ்வழியில் செல்ல விரும்பி ஜப்பானிய மொழி கற்கும் இளைஞன் ஒருவன், "நன்றி சொல்வதற்கே இத்தனை வகையா, சுவாமி?" என்று சலித்துக்கொண்டான்.

வகைகள் உண்மையில் பலவே. 'அரிகதோ' என்பது தோழனுக்கு. பெரியவர்க்கும் அயலார்க்கும் 'அரிகதோ கொசாய்மாஸ்' என்று நீட்டிச் சொல்ல வேண்டும். ('அரி' என்றதும் இது நம் 'அரிது' அன்றோ என மகிழ வேண்டா. அங்கே 'அரி' என்றால் இருத்தல். அதன் பின்வரும் பகுதிக்கே அருமை என்று பொருள். 'இருத்தற்கு அரியது' என்பது முழுச்சொல்லின் கருத்து. போர்த்துக்கீசியரின் 'ஒப்ரிகாதோ' தந்த சொல் என்பாரும் உளர். அவர்கள் 1543-இல் அங்கே கரையிறங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அச்சொல் வழங்கிற்று.) ஒருவர் நமக்காகச் சிரமம் மேற்கொண்டால் 'சுமிமாசேன்' என்பர். அது மன்னிப்புக் கேட்கும் சொல். 'இன்னும் தீரவில்லை' என்பது அதன் அடிப்பொருள். உழைத்தவரை நோக்கி 'கோகுரோசாமா' என்பதோ, மேலிருப்பவர் கீழிருப்பவர்க்குச் சொல்வது. மேலதிகாரியிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. திருப்பலியில் வாசகம் முடிந்ததும் நாம் 'இறைவனுக்கு நன்றி' என்னுமிடத்தில், ஜப்பானியக் கத்தோலிக்கர் 'காமி நி கான்ஷா' என்று வேறொரு சொல்லையே கையாளுகின்றனர்.

நம் முன்னோர்க்கும் இவ்வேறுபாடு தெரியாததன்று. திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்தில் 'நன்றி' என்பது வாயால் கூறும் சொல் அன்று. பிறர் செய்த நன்மையே நன்றி. பெற்றவன் கடமை அதனை அறிதல். இன்று தருமபுரி எனப்படும் தகடூரை ஆண்ட அதியமான், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை அதன் பயனைச் சொல்லாமலே ஔவையார்க்கு அளித்தான். அவரோ, நஞ்சுண்ட கண்டனைப்போல் நீ நிலைத்திருப்பாயாக என்று வாழ்த்தினார். புறநானூற்றின் 91-ஆம் பாடல் அது. வாழ்த்தே நன்றியாயிற்று. நம் சிற்றூர்ப் பாட்டிமார், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த பிள்ளையிடம் "நல்லா இரு சாமி" என்பதும் அதுவே. இளையவர் மூத்தவரை வாழ்த்துவதில்லை; இரு கைகளால் பெற்றுக்கொள்வர், கைகூப்புவர்.

இன்று அச்சிட்ட அழைப்பிதழிலும் மேடையிலும் 'நன்றி', கடைத்தெருவில் 'தேங்க்ஸ்'. அதில் எனக்கு வருத்தமில்லை, மொழி மாறும். அது எவரைச் சென்று சேரவில்லை என்பதே என் வருத்தம். திருவிழா நன்றியுரையில் பந்தல் விளக்குக்குப் பணம் கொடுத்தவர் பெயர் இருமுறை ஒலிக்கிறது, பொன்னாடையும் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவரோ வேலியோரம் நிற்கிறார். 'இறைவனுக்கு நன்றி' என்று சற்றுமுன் மறுமொழி கூறிய அதே வாய், அறுபது வயதைக் கடந்த அவரை "ஏய், இந்தா" என்று அழைத்துக் கூலியை நீட்டுகிறது. அவரும் அதே திருமுழுக்குப் பெற்றவர். அவர் எந்தத் தெருவினர் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. 'கோகுரோசாமா' மேலிருந்து கீழ்நோக்கிச் சொல்லப்படுவதுதான். ஆயினும் "நீர் பாடுபட்டீர்" என்று அது உரக்க ஒப்புக்கொள்கிறது. நம்மிடம் அதுவும் இல்லை.

அடக்கச் சடங்கின் முடிவில் நன்றி கூறும்போது அவர் பெயரையும், 'அவர்கள்' என்ற அடைமொழியோடு, சேர்க்குமாறு சென்ற ஆண்டு ஒரு வீட்டாரைக் கேட்டேன்.

"கூலிதான் கொடுத்துவிட்டோமே, சுவாமி?"

"மருத்துவர்க்கும் கட்டணம் செலுத்துகிறீர்கள். வெளியே வரும்போது ஏன் கைகூப்புகிறீர்கள்?"

விடை வரவில்லை, பெயரும் சேரவில்லை. முப்பதாம் நாள் திருப்பலிக்குப்பின் நடந்த உணவில் அவரையும் பந்தியில் அமர்த்தினார்கள். இன்னும் 'நீ' என்றுதான் அழைக்கிறார்கள்.