ரப்பர் பொம்மைக்கும் வயதாகும்



மூத்த பிள்ளையின் முதல் வெள்ளிக் கொலுசு, பாலாடை, பித்தளைச் சொப்பு, கடித்துக் கடித்துப் பல் தடம் பதிந்த ரப்பர் பொம்மை - இவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவது நம் வழக்கம். பேரன் பிறந்ததும் ஆசையாய் இறக்கிப் பார்த்தால், பொம்மை பிசின் போல் இளகிக் கிடக்கும். அல்லது தொட்ட இடம் பொடிந்து உதிரும். போதாததற்குக் கொலுசும் கறுத்திருக்கும்!

காரணம் என்ன, கேளுங்கள். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உரம் பெறும் என்று 1839-ல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். அந்தக் கந்தகமே பிற்பாடு மெல்ல மெல்ல வெளிப்பட்டு வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. பித்தளையிலுள்ள செம்போ, ஒட்டியிருக்கும் ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கிறது. ஆகவே முதல் வேலை, இவர்களைத் தனிக்குடித்தனம் வைப்பதுதான்!

வெயிலும் சூடும் ரப்பருக்குப் பகை. பரண் வேண்டாம், பீரோவின் கீழ்த்தட்டே போதும். மின்சார மோட்டார் ஓடும் இடத்துக்கு அருகிலும் வேண்டாம். அதன் பொறியில் உண்டாகும் ஓஸோன் வாயு, ரப்பர் மடிந்தும் இழுபட்டும் இருக்கும் இடமாகப் பார்த்து வெடிப்பு விடச் செய்யும். ஆகையால் பொம்மையின் மேல் கனம் ஏற்றாமல், நசுங்காமல் அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். குழந்தையின் ரப்பர்ச் செருப்பு, வெந்நீர்ப் பை இவற்றையும் மடிக்காதீர்கள். பழைய கடிதக் கட்டுகளில் ரப்பர் வளையம் இருந்தால், கறை பிடிக்குமுன் கழற்றிவிட்டு நூல் நாடா கட்டுங்கள்.

மினுமினுப்பு வரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவலாமா? கூடவே கூடாது. எண்ணெயை உறிஞ்சி ரப்பர் உப்பும், மேலும் இளகும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினாலே போதும். ஏற்கெனவே இளகிவிட்டதை மீட்க வழியில்லை. அதைக் காகிதத்தில் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு பீங்கான் தட்டில் தனியே வையுங்கள்.

எவ்வளவு பேணினாலும் ரப்பரின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாமே தவிர, முதுமையை நிறுத்த முடியாது. ஆகவே பொம்மை உருவோடு இருக்கும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த வருஷம், யார் வாங்கித் தந்தது, குழந்தை அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். பல் தடம் அழிந்து போனாலும், 'உன் அப்பா கடித்த பொம்மை இதுதானடா' என்று பேரனுக்குக் காட்ட அது இருக்கும்.