பட்டறை என்றொரு பாவனை

கொல்லன் பட்டறையில் யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. இரும்பு பழுத்திருக்கும் நேரம் கொஞ்சம். அதற்குள் அடித்தாக வேண்டும். அந்தச் சொல்லை இரவல் வாங்கிக்கொண்ட நம் கவிதைப் பட்டறைகளில் இரும்பைத் தவிர எல்லாம் இருக்கிறது. பேனர், துவக்கவுரை, வாழ்த்துரை. எஞ்சியது 2 மணி நேரம் என்றும், வாசிக்க 10 கவிதைகள் என்றும் வைத்துக்கொள்வோம். கவிதைக்கு 12 நிமிஷம். அதிலும் பெரும்பகுதியை மூத்தவர் ஒருவர், தான் எழுத வந்த காலத்தை நினைவுகூர எடுத்துக்கொள்வார். கவிதையை எழுதிய பெண் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். அடுத்த முறை வரமாட்டாள். அவள் வராததை யாரும் கவனிப்பதும் இல்லை.

திட்டமிடுவது ஸ்தாபனங்களின் குணம், நாம் சுதந்திரமாகக் கூடுகிறோம் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். இதைவிட சௌகரியமான பொய் நம்மிடையே இல்லை. விதி வகுக்காத இடத்தில் உரத்த குரலே விதியாகிவிடுகிறது. அமெரிக்கப் பெண் விடுதலைக் குழுக்களைப் பற்றி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் சொன்னதும் இதுதான். அமைப்பு கிடையாது என்று சொல்லிக்கொள்ளும் குழுவிலும் அமைப்பு உண்டு. மறைந்திருப்பதால் அதை யாரும் கேள்வி கேட்க முடிவதில்லை.

விதி இருந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. 1936இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படும் முறையில் விதி உண்டு: பிரதி அலசப்படும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. பேசுகிறவர்கள் யாருடைய உலகத்தைப் பொதுவென்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பது அங்கே கேட்கப்படாத கேள்வி. சிகாகோவின் மெக்ஸிகக் குடும்பத்திலிருந்து அங்கே படிக்கப்போன சாண்ட்ரா சிஸ்நெரோஸ், ஒரு வகுப்பில் பஷ்லாரை வைத்து வீடு என்ற படிமம் விவாதிக்கப்பட்டபோது, அந்த வீடு தனக்குத் தெரியாத வீடு என்று உணர்ந்ததைச் சொல்லியிருக்கிறார். 1984இல் வெளிவந்த ‘மாங்கோ தெரு வீடு’ அந்த அந்நியத்திலிருந்து பிறந்தது. பார்த்தீர்களா, பட்டறை எழுத்தாளரை உருவாக்கிவிட்டது என்பார்கள். அவர் தப்பித்தார். தப்பிக்காதவர்களின் புத்தகங்கள் நம் அலமாரியில் இல்லை, அவ்வளவுதான்.

நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை வேறு மாதிரி. முதலில், பார்த்தவர்கள் தங்கள் மனதில் எது தங்கியது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்பார்கள், கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்காமல். அபிப்பிராயம் நான்காவதுதான், அதுவும் படைத்தவர் சம்மதித்தால். இந்த வரிசையைக் காப்பதற்கென்றே ஒருவர் இருப்பார்.

விமர்சனம் இதனால் மழுங்கிவிடும் என்று நம்மவர்கள் பதறுவார்கள். “இந்தக் கவிதை ஏன் இவ்வளவு இழுக்கிறது?” என்று கேட்க ஒரு முறை மேலோட்டமாகக் கேட்டிருந்தால் போதும். “கடைசிப் பத்தி முன்னதற்கு என்ன சேர்க்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?” என்று கேட்பதற்குக் கவிதையைப் படித்திருக்க வேண்டும். நம் பதற்றம் விமர்சனத்தின் கூர்மையைப் பற்றியதல்ல. படிக்காமல் பேசும் உரிமை பறிபோவதைப் பற்றியது.

ஆகவே கேட்பது அதிகமில்லை. 12 பேர். ஒரு நாளைக்கு 4 கவிதைகள். ஒரு வாரம் முன்பே எல்லோர் கையிலும் பிரதி. வட்டமாக உட்கார இடம். பேசாதவரிடம் ஒரு முறையாவது கேட்கிற, பேசிக்கொண்டே இருப்பவரை நிறுத்துகிற, தன் மேதாவிலாசத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிற ஒருவர் நடத்த வேண்டும். நம் வட்டத்தில் இந்தக் கடைசி ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

கிடைக்காவிட்டால் கூட்டம் என்றே பேனரில் போடுங்கள். கூட்டம் ஒன்றும் கேவலமான சொல் அல்ல. வருகிறவர்களும் கவிதையை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வருவார்கள்.