பேரேடும் கல்லறைக் கல்லும்

சென்னை பாரிமுனைப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு அரண்மனைக்காரத் தெரு தெரிந்திருக்கும். அரண்மனையைத் தேடாதீர்கள், கிடைக்காது. அது ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெரு. 'ஆர்மீனியன்' என்ற சொல் நம்மவர்கள் வாயில் புகுந்து 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. 1772இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் இன்னும் அங்கே இருக்கிறது. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் அச்சாயிற்று. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. ஆர்மீனியக் குடும்பங்கள்தான் அருகிப்போய்விட்டன.

குடும்பங்கள் போன பிறகும் இவ்வளவு விவரம் நம் கைக்குக் கிடைத்ததற்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பெரிய காரணம். மெஸ்ரோப் ஜேக்கப் சேத் என்று பெயர். வேலூர், ஆம்பூர் பக்கத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் நம் ஊருக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிற ஆள் அவரைப் போன்ற ஒருவர்தான் என்பது என் கட்சி.

சேத் 1871இல் பாரசீகத்தில், இஸ்ஃபஹானை ஒட்டிய புது ஜுல்ஃபாவில் பிறந்தவர். 1600களின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் என்ற அரசர், அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஆர்மீனிய வணிகர்களை ஊரோடு பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. அங்கிருந்து கிளம்பியவர்கள் சூரத், ஆக்ரா, கல்கத்தா, சென்னை என்று பரவினார்கள். சேத் படிப்பதற்காகக் கல்கத்தா ஆர்மீனியக் கல்லூரிக்கு வந்தார். பிறகு அங்கேயே பழைய இலக்கிய ஆர்மீனிய மொழியைக் கற்றுக்கொடுத்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு அந்த மொழிக்கான தேர்வாளரும் அவர்தான். 1895இல், 24 வயதில், இந்திய ஆர்மீனியர் வரலாற்றை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டார். அதோடு விடவில்லை. ஆக்ராவிலும் கல்கத்தாவிலும் கல்லறை கல்லறையாகப் போய், தேய்ந்த எழுத்துகளைப் படித்து எழுதிக்கொண்டார். 1937இல் 600 பக்கத்துக்கு மேல் பெரிய புத்தகம் வந்தது. 1939இல் காலமானார்.

கல்லைப் படிப்பதென்றால் எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதாது. கல்கத்தா ஆர்மீனிய தேவாலயத்தில் ரெசாபீபி என்ற பெண்மணியின் கல்லறைக் கல்லில் வருஷம் 15 என்று இருக்கிறது. எந்தப் 15? ஆர்மீனியரின் பழைய ஆண்டுக்கணக்கு கி.பி. 552இல் தொடங்குவது. இடைக்கால ஏடுகளில் எல்லாம் அந்தக் கணக்குதான், 551ஐக் கூட்ட வேண்டும். ஆனால் ஜுல்ஃபா வணிகர்கள் 1616இல் தொடங்கும் வேறொரு கணக்கை வைத்திருந்தார்கள். நம்மில் சகம், கொல்லம் என்று தனித்தனியாக இருப்பது போல. சேத் அதைக் கண்டு, கல்லின் காலம் 1630 என்றார். ஜாப் சார்னாக் 1690இல் வந்து கல்கத்தாவை நிறுவினார் என்று படித்தவர்களுக்கு இது தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கல் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகம் எழுப்பியதும் உண்டு. சேத் தம் இனத்தார் பெருமையைக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறவர், அதை மறுக்கமாட்டேன். ஆனால் சந்தேகப்படுவதற்கும் முதலில் ஒருவர் படித்து வைத்திருக்க வேண்டுமல்லவா?

சேத் கற்களைப் படித்தார். கணக்குப் புத்தகத்தைப் படித்தவர் இன்னொருவர், லெவோன் காச்சிக்கியான். 1918இல் பிறந்தவர். எரெவான் நகரத்தில் இருக்கும் 'மாதெனதரான்' என்ற பெரிய சுவடி நிலையத்துக்கு 1954 முதல் 1982இல் இறக்கும்வரை தலைவர். இடைக்கால ஆர்மீனியச் சுவடிகளின் கடைசிப் பக்கத்தில், எழுதியவர் தம் பெயரையும் ஊரையும் காலத்தையும் அப்போது நடந்த போர், பஞ்சத்தையும் குறித்து வைப்பது வழக்கம். நம் ஏடுகளிலும் இன்ன வருஷம் இன்ன மாதம் இன்னார் எழுதி முடித்தது என்று இருக்குமே, அதுபோல. 14, 15ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் இருந்த இந்தக் குறிப்புகளைத் திரட்டித் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தவர் அவர்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு வணிகரின் பேரேடு வந்து சேர்ந்தது. மூலம் இருந்தது போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நூலகத்தில். ஜுல்ஃபா ஊர் ஹோவன்னஸ் என்பவர் முதலாளியின் பணத்தோடு கிளம்பி 1682 முதல் 1693 வரை சூரத், ஆக்ரா, பட்னா என்று சுற்றி, திபெத்து லாசாவில் 5 வருஷம் தங்கி வியாபாரம் செய்த கணக்கு. அவுரி வாங்கினது, கஸ்தூரி வாங்கினது, வழிச்செலவு, ஊருக்கு ஊர் மாறும் எடைக்கணக்கு, எல்லாம் ஜுல்ஃபாப் பேச்சு மொழியில். காச்சிக்கியான் இதைப் பற்றி எழுதிய கட்டுரை 1966இல் கல்கத்தா ஆசியக் கழக இதழிலும், 1967இல் பாரிஸின் 'அன்னால்' இதழிலும் வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பாரிஸ் கட்டுரையைப் படிக்க முடிந்தது. லிசேயில் கற்ற பிரெஞ்சு வேலூர் வந்த பிறகு எதற்கும் பயன்படவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். இதற்குப் பயன்பட்டது.

ஹோவன்னஸின் கணக்கைப் படித்தபோது எனக்கு ஆம்பூர்தான் நினைவுக்கு வந்தது. 1970களில் வணிகவரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிக் கணக்குகள் மூட்டை கட்டி வரும். சிட்டை, நாள்வழி, பேரேடு. சிலது தமிழில், சிலது உருதுவில். சில பழைய குடும்பங்களின் கணக்கில் தமிழ் இலக்கங்களும், அரைக்கால், மாகாணி என்ற பின்னங்களும்கூட இருந்தன. ஆவாரம்பட்டை இத்தனை வண்டி, கடுக்காய் இத்தனை மூட்டை, சுண்ணாம்பு, பெரியமேட்டுத் தரகு. சரிபார்க்கும் அதிகாரிக்கு வேண்டியது விற்றுமுதல் ஒன்றுதான். எனக்கோ ஒவ்வொரு வரியும் கதையாகத் தெரியும்.

அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு 1970களில் கட்டுப்படுத்தியது. டேனரிகள் முழுத்தோலுக்கும் பிறகு ஷூவுக்கும் மாறின. 1996இல் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இதெல்லாம் சட்டப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் இருக்கும். ஆனால் ஒரு டேனரியில் பட்டைச் செலவு எந்த வருஷம் நின்றது, குரோம் எந்த வருஷம் வந்தது, சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவருக்கு அன்று என்ன கூலி? கூலிக் கணக்கில் ஆளின் பெயர் இருக்கும். குப்பன், முனியம்மாள் என்று வாராவாரம் இருக்கும். முதலாளி குடும்பத்துக்குப் பள்ளிவாசல் கல்வெட்டு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, தெருப் பெயர் உண்டு. ஷாப்பில் உழைத்துக் கை வெந்து போனவர்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு எங்கே பெயர் இருக்கிறது?

அந்தப் புத்தகங்கள்தான் இப்போது பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. பழைய மண்டிக் கட்டடம் ஒன்றை இடித்தபோது மாடியிலிருந்து இறங்கியது அத்தனையும் கிலோ கணக்கில் எடைக்குப் போயிற்று என்று ஒரு நண்பர் சொன்னார். பேரன்கள் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார்கள். தாத்தாவின் உருதுக் கையெழுத்து அவர்களுக்குப் படிக்க வரவில்லை. சிலர் வரிக்காரனுக்குப் பயந்தே எரித்துவிடுகிறார்கள். வரிக்காரனாக இருந்தவன் சொல்கிறேன், உங்கள் தாத்தாவின் 1950ஆம் வருஷத்துச் சிட்டையைக் கேட்டு எந்த அதிகாரியும் கதவைத் தட்டப்போவதில்லை.

பேராசிரியர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. அவர்கள் வரும்போது புத்தகம் இருக்க வேண்டும், எழுத்தைப் படித்துச் சொல்ல ஆளும் இருக்க வேண்டும். சேத் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. சின்ன சமூகத்தின் உள்ளே இருந்து, அதன் எழுத்தும் வருஷக் கணக்கும் தெரிந்த வாத்தியார். அப்படிப்பட்ட வாத்தியார்கள், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைகள் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள்.

அதனால் இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பரணில் தோல் கணக்குப் புத்தகம் எதுவும் இருந்தால், கடைக்காரனைக் கூப்பிடுவதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும். பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டால் போதும், பேரனிடம் செல்போன் இருக்கும். உருது படிக்க பேரணாம்பட்டில் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மாகாணியும் அரைக்காலும் என் பொறுப்பு.