சேவையும் ஏற்றுமதிதான்

சரக்கு விற்றால்தான் ஏற்றுமதி, சேவை வருமானம் வெறும் ஊதிப் பெருக்கிய பலூன் என்று வாதிடுபவர்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகப் பக்கம் நடந்து பார்க்கட்டும். இந்தியாவுக்குப் போகும் கொள்கலனை ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றும் கூலி டொலராகத்தான் வருகிறது. வெள்ளவத்தை காலி வீதியில், டொரொண்டோவிலிருந்து வந்த குடும்பம் கூறைச்சேலைக்கு எண்ணிக் கொடுக்கும் காசும் சென்மதி நிலுவையில் சுற்றுலா வருமானமே. 2024இல் இலங்கையின் சரக்கு வர்த்தகத்தில் ஏறத்தாழ 6 பில்லியன் டொலர் துண்டு விழுந்தது. ஆனாலும் நடைமுறைக் கணக்கு மிகையில் முடிந்தது. சுற்றுலா மட்டுமே 3 பில்லியனுக்கு மேல் தந்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது அதைவிட அதிகம். 2021இல் டொலர் விலையைக் கட்டிவைத்தபோது, அவர்களின் பணம் வங்கியை விட்டு உண்டியல் எனும் முறைசாராப் பணமாற்று வழிக்குத் திரும்பியது. அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதையெல்லாம் தள்ளிவிட்டு எந்தக் கணக்கைக் காட்டுகிறார்கள்?