யாருடைய பத்து நிமிடம்?

சென்ற மாதம் கனடாவிலிருந்து என் பள்ளித் தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திருகோணமலையில், நிலாவெளி வீதியிலே, உப்புவெளியையும் தாண்டி இருபது பேர்ச்சஸ் காணி ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். மாடி கட்டினால் கடல் தெரியுமாம். "மச்சான், ரவுணில இருந்து பத்து நிமிசம்தானாம். ஒருக்காப் போய்ப் பார்த்துச் சொல்லு. அம்மாவை அங்க கொண்டுபோய் வசதியா வைக்கலாம் எண்டு யோசிக்கிறன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். காணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறுதிப் பத்திரம் சரி, தண்ணீர் நல்லது, கடற்காற்றும் உண்டு. ஆயினும் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். தோழருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இதே கேள்வியை லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், இனியும் கேட்பார்கள்.

காணித் தரகர்கள் எல்லோரும் சொல்லும் அந்தப் பத்து நிமிடம் யாருடைய பத்து நிமிடம்? வாகனம் வைத்திருப்பவருடையது. அதிலும், வாகனத்தை ஓட்டத் தெரிந்தவருடையது. எரிபொருள் இருக்கும் நாளில், மழையில்லாத நாளில், பகல் வேளையில் அவருடையது. எழுபத்தெட்டு வயதுத் தாய்க்கு அது பத்து நிமிடம் அன்று. பிரத்தியேக வகுப்பு முடிந்து மாலை ஆறு மணிக்கு வீதியோரத்தில் நிற்கும் பதினைந்து வயது மகளுக்கும் அது பத்து நிமிடம் அன்று. அவர்களுக்கு அத்தூரம் இன்னொருவருடைய தயவு.

என் தோழர் இதை அறியாதவர் அல்லர். ஸ்காபரோவில் அவர் வீடு வாங்கியபோது என்னிடம் பெருமையாகச் சொன்ன முதல் செய்தி, கென்னடி சுரங்க ரயில் நிலையத்திற்கு நடந்தே போகலாம் என்பதுதான். அதற்காகக் கூடுதல் விலை கொடுத்ததையும் சொன்னார். 2023 ஜூலையில் ஸ்காபரோ இலகு ரயில் தடம் புரண்டு, அத்துடன் அந்தச் சேவையே நிறுத்தப்பட்டபோது, தம் மகள் வேலைக்குப் போய்வரப் பேருந்தில் அலைய நேர்ந்ததைச் சொல்லிக் கொதித்தார். அவர் கொதித்தது நியாயம். மகளுக்காகக் கொதித்த மனிதர், பெற்ற தாய்க்கு மட்டும் பேருந்துத் தரிப்பிடம் எங்கே என்று கேட்காமலே காணி தேடுகிறாரே என்பதுதான் என் வருத்தம்.

வெறுங்கையுடன் போய் இறங்கிய இடங்களில் எல்லாம் நம்மவர்கள் இந்த விடயத்தில் மிகத் தெளிவாகவே இருந்திருக்கிறார்கள். லண்டனில் ஈஸ்ட்ஹாமும் டூட்டிங்கும் சுரங்க ரயில் ஓடும் பகுதிகள். பாரிஸின் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு, கார் து நோர் பெருநிலையத்திற்கு நடை தூரத்தில் இருக்கிறது. கொழும்பில் வெள்ளவத்தையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் காலி வீதிப் பேருந்து, மறுபக்கம் கடலோரப் புகையிரதம், நடுவிலே சந்தையும் கோயிலும் பாடசாலையும். யாரும் நகரத் திட்டமிடல் படித்துவிட்டு அங்கே குடியேறவில்லை. வாகனம் இல்லாதவனுக்கு எது வேண்டும் என்பதை வாழ்க்கை கற்பித்தது. கையில் நாலு காசு சேர்ந்ததும் அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். ஊரிலே வீடு கட்டுவதென்றால், நிழற்படத்தில் அழகாகத் தெரியும் இடமாகப் பார்க்கிறோம்.

இங்கே நான் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை நம்பியவர்களுள் நானும் ஒருவன்.

திருகோணமலை நகரின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். மேற்கே உள்துறைமுகம், கிழக்கே விரிகுடாக்கள். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது பழைய பட்டினம். கிழக்கு முனையில் பிரட்றிக் கோட்டையும் கோணேசர் கோயிலும். தெற்கே கடற்படையினர் வசமுள்ள குன்றுகள். எஞ்சிய சிறு பரப்புக்குள்ளேயே பேருந்து நிலையம், பொது வைத்தியசாலை, சந்தை, தபாலகம், பெயர்பெற்ற பாடசாலைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் யாவும் அடங்கிவிடுகின்றன. 1927ஆம் ஆண்டு கல்ஓயாவிலிருந்து வந்து சேர்ந்த புகையிரதப் பாதையின் கடைசி நிலையமும் நகரின் வடபுறத்திலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து அங்கே அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். நிர்வாகப் பிரிவின் பெயரே 'பட்டினமும் சூழலும்'. பட்டினத்தில் வாழ்பவனுக்குக் கால்கள் போதும். சூழலில் வாழ்பவனுக்கு வாகனம் வேண்டும்.

1990களில் இளம் நிருபராக இருந்தபோது, பட்டினத்துக்குள் ஓர் ஓட்டு வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தேன். சோதனைச்சாவடிகளின் காலம் அது. அப்படியிருந்தும் நீதிமன்றம், கச்சேரி, வைத்தியசாலை என்று நடந்தே திரிந்து செய்தி சேகரித்தேன். போர் முடிந்தபின், 2010இல் கடன் பட்டுக் கன்னியாப் பக்கமாகக் காணி வாங்கி வீடு கட்டினேன். பட்டினத்தில் ஆறு பேர்ச்சஸ் வாங்கும் பணத்துக்கு அங்கே இருபது கிடைத்தது. மாமரமும் முற்றமும் கிடைத்தன. மோட்டார் சைக்கிள் இருக்கிறது, பத்து நிமிடம்தானே என்று நானும் சொன்னேன்.

தந்தையார் எங்களோடு இருந்தார். பட்டினத்தில் இருந்தவரை காலையில் பத்திரகாளி அம்மன் கோயில், பிறகு நூலகத்தில் பத்திரிகை, திரும்பும் வழியில் சந்தையில் கீரைக்கட்டு என்று அவருடைய நாள் அவர் கையில் இருந்தது. புதிய வீட்டுக்கு வந்தபின் அந்த நாள் என் கைக்கு மாறியது. காலையில் நான் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும்போது படலையடியில் நிற்பார். "தம்பி, இண்டைக்கு என்னையும் ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போவியோ?" என்று கேட்பார். சில நாள் ஏற்றிச் சென்றேன். பல நாள் அவசரம் என்றேன். சில மாதங்களில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். பத்திரிகைக்காரனின் தந்தை, முந்திய நாள் பத்திரிகையை மறுநாள் இரவில் வாசிக்கும் நிலைக்கு வந்தார். 2019இல் காலமானார். கால்கள் கடைசி ஆண்டுவரை நன்றாகவே இருந்தன. நடந்துபோக இடம்தான் இருக்கவில்லை.

என்னைத் திருத்தியது 2022. அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பிறகு வந்த கியூஆர் அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று தொடங்கியது பங்கீடு. சீனக்குடாவிலே பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றுக்காக அந்த ஆண்டு ஜனவரியில்தான் இந்தியாவுடன் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அத்தாங்கிகளின் நிழலிலே வாழும் நாங்கள் வெறும் போத்தலுடன் வரிசையில் நின்றோம். ஆசிரியையான என் மனைவி பட்டினத்துப் பாடசாலைக்குப் போய்வர அன்றாடம் போராடினார். மகள் சங்கீத வகுப்பைக் கைவிட்டாள். பட்டினத்துக்குள் இருந்த சகபாடிகளுக்கும் அரிசி விலை ஏறியது, மின்சாரம் தடைப்பட்டது. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போனார்கள். அவ்வாண்டு இறுதியில் பட்டினத்தில் சிறிய வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் திரும்பினோம். முற்றம் இல்லை, மாமரம் இல்லை. மகள் இப்போது வகுப்புக்குத் தானே போய்த் தானே வருகிறாள்.

'உனக்கென்ன, சொல்லிவிட்டுப் போவாய். பட்டினத்தில் காணி விலை என்னவென்று தெரியுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். தெரியும். ஆனால் கணக்கை முழுமையாகப் போட வேண்டும். காணியில் மிச்சம் பிடித்த பணத்தைப் பதினொரு ஆண்டுகளாக எரிபொருளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் தவணை முறையில் செலுத்தியவன் நான். அதற்குமேல் மனைவியும் மகளும் வீதியோரத்தில் காத்து நின்ற மணித்தியாலங்கள் இருக்கின்றன. தரகர் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடற்காட்சி வேண்டுமென்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்கட்டும்: 2004 டிசம்பர் 26 அன்று நிலாவெளிக் கரையைக் கடல் என்ன செய்தது என்பதை இந்த ஊர் மறக்கவில்லை.

வேறொரு மறுப்பு உண்டு. அதற்கு நான் தலைவணங்குகிறேன். இருப்பிடத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பே பலருக்கு இல்லை. போர் துரத்தியதால் கிடைத்த இடத்தில் குடியேறியவர்கள், தலைமுறைகளாக வயலோடும் கடலோடும் வாழ்பவர்கள், பட்டினத்தில் ஒரு பேர்ச் கூட வாங்க இயலாதவர்கள் ஆகியோரைப் பார்த்து 'ரவுணில் வீடு பார்' என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு. அவர்கள் பட்டினத்துக்கு வர இயலாதபோது பட்டினத்தின் பேருந்து அவர்களிடம் போக வேண்டும். அதுதான் நியாயம்.

அந்த நியாயம் எந்த அளவில் இருக்கிறது? கிழக்கிலே ஆற்றையும் களப்பையும் கடக்கும் மிதவையை மக்கள் 'பாதை' என்றே அழைப்பார்கள். வேறு வழியில்லாதவர்களுக்கு அதுவே பாதை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது பாதைகளின் காலம் முடிந்தது என்று பலரும் எண்ணினோம். முடியவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், பாலத்துக்குப் பதிலாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. பாடசாலை மாணவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். அந்தப் பிள்ளைகள் தொலைதூர நாடொன்றுக்குப் புறப்பட்டவர்கள் அல்லர். அக்கரையிலுள்ள பாடசாலைக்குப் புறப்பட்டவர்கள். பாலத்தைக் கட்டத் திட்டமிட்டவர்கள், அது கட்டி முடியும்வரை பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்பதைத் திட்டத்தின் பகுதியாகக் கருதியிருந்தால் அக்காலை வேறுவிதமாக விடிந்திருக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசாத வல்லரசு இல்லை. கடற்படை, எண்ணெய், சுற்றுலா என்று அதற்கு ஆயிரம் திட்டங்கள். கேரளத்தின் கொச்சித் துறைமுக நகரிலே, 2023 ஏப்ரலில், தீவுகளையும் நகரையும் இணைக்க மின்படகுச் சேவையைத் தொடங்கினார்கள். அங்கே துறைமுக நீர்ப்பரப்பு பயணிகளுக்கும் உரியது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மூதூரிலிருந்து வைத்தியசாலைக்கு வரும் கர்ப்பிணிப் பெண்ணை நினைத்துத் தீட்டப்பட்ட துறைமுகத் திட்டம் எது என்று நம் பிரதிநிதிகளைக் கேளுங்கள். தேர்தல் மேடையில் வீதி அகலிப்பைப் பேசுகிறார்கள். இரவு எட்டு மணிக்குக் கடைசிப் பேருந்து வேண்டுமென்று பேசுவாரைக் காணோம். பேருந்தில் போகிறவர்கள் வாக்களிப்பதில்லையா?

ஆகவே தெரிவு செய்யும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. காணி பார்க்கப் போகும்போது தரகரின் வாகனத்தில் ஏறாதீர்கள். பேருந்தில் போங்கள். மார்கழி மழையில் ஒரு முறையும், இருட்டிய பிறகு ஒரு முறையும் போங்கள். கையில் சந்தைப் பையுடன் தரிப்பிடத்திலிருந்து காணிவரை நடந்து பாருங்கள். மருந்துக்கடை எங்கே, பாடசாலை எங்கே, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அயலாரிடம் கேளுங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

தோழருக்குப் பதில் சொல்வதற்கு முன் அவருடைய தாயாரையும் போய்ப் பார்த்தேன். பட்டினத்தில், ஐம்பது ஆண்டுகளாக வாழும் அதே பழைய வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிறார். மகன் அனுப்பிய காணிப் படத்தைத் தொலைபேசியில் எனக்கும் காட்டினார். நல்ல இடம்தான் என்றார். சற்றுப் பொறுத்து, "அங்க இருந்து கோயிலுக்கு எப்பிடித் தம்பி வாறது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தோழர் தம் தாயாருக்கு விடை சொல்லிவிட்டுக் காணிக்கு முற்பணம் கட்டட்டும்.