நன்றியுரையில் விடுபட்டவர்கள்

தேர்வான பெண்ணிடம் நம் ஊர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நன்றியுரை. மைக்கைக் கையில் கொடுத்து, உன்னை ஆளாக்கிய பள்ளியைப் பற்றிப் பேசு என்கிறது. அவளும் பேசுகிறாள். விடியுமுன் எழுந்து படித்தது, ஓயாமல் எழுதிய தேர்வுகள், ஆசிரியர்களின் அக்கறை. கைதட்டுகிறோம். அந்தப் பேச்சில் விடுபட்டவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அரசு மாதிரிப் பள்ளிகளைத்தான் சொல்கிறேன். 2021-22இல் பத்து மாவட்டங்களில் தொடங்கி, இப்போது 38 மாவட்டங்களிலும் வந்துவிட்டன. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் தங்கவைத்து, கட்டணமில்லாமல் நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார் செய்கின்றன. அங்கே படித்த பெண்கள் இன்று கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பள்ளி நினைவுகள் இப்போதுதான் கதைகளாகத் திரண்டு வருகின்றன. எந்தக் கதை நிலைக்கப்போகிறது என்பது இப்போதே முடிவாகிவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொறுக்கியெடுப்பது நாமக்கல் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 'பிராய்லர் பள்ளி' என்ற பேரையே வாங்கிய மாவட்டம் இது. தனியார் விடுதிப் பள்ளிகள் ரேங்க் காட்டி விளம்பரம் செய்த காலம், 2017இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தும்வரை நீண்டது. அங்கே லட்சங்கள் கேட்டார்கள், இங்கே கேட்பதில்லை. இந்த வித்தியாசம் சிறியதல்ல. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும், 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் பல பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்திருக்கின்றன. "ஹாஸ்டல்ல இருந்ததாலதான் எனக்கு மாப்பிள்ள பாக்கலைங்க மேடம்" என்றாள் ஒரு மாணவி. நல்லது. ஆனால் கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஒரு பெண் வகுப்பில் முதலாவதாக வரவேண்டும் என்றால், பதினோராவதாக வந்தவளுக்கு என்ன வழி?

மேடையில் வராத நினைவுகள் மரத்தடியில் வருகின்றன. ஒருத்தியின் தோழியும் அவளளவு மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் அம்மா வெற்றிலை கிள்ள விடியலிலேயே கொடிக்காலுக்குப் போய்விடுவார். தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்ப ஆள் வேண்டும். தோழி வீட்டோடு நின்றாள். இன்னொருத்தியின் அக்காவுக்கும் இடம் கிடைக்க இருந்தது. "வயசுக்கு வந்த புள்ளைய வெளியில தங்க வெக்கிறதா?" என்று அமுச்சி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வேறொரு விடுதியில் ஒரு காகிதத்துண்டு பிடிபட்டது. எழுதிய பையனுக்கு எச்சரிக்கை. வாங்கிய பெண்ணுக்கு டி.சி.

இது வெறும் கட்டுப்பாட்டுப் பிரச்சினை இல்லை. ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கோகுல்ராஜ் 2015இல் கொல்லப்பட்ட மாவட்டம் இது. இங்கே பெண்பிள்ளையின் படிப்புக்குக் காவல் என்று சொல்லி நிற்பது பெரும்பாலும் சாதியின் காவல். 'பாதுகாப்பு' என்று நன்றியோடு நினைவுகூரும்போது எதற்கு நன்றி சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

ஆக, தேர்வுத் தாளுக்கு முன்பே வீடு ஒரு தேர்வு வைத்துவிடுகிறது. அதில் ஆண்பிள்ளைகள் எழுதாமலே பாஸ். பிறகு நடப்பதைத் திறமையின் அளவுகோல் என்கிறோம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இந்த அளவுகோல் வெட்டவெளிச்சமானது. அங்கே தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளில் ஆண்களுக்கு 540 இடம், பெண்களுக்கு 360. அதனால் பெண்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கினால்தான் உள்ளே போகமுடிந்தது. இது பாலினப் பாகுபாடு என்று 1989இல் அந்நாட்டின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதுவரை வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் தங்களுக்கு அறிவு போதவில்லை என்றுதானே நம்பியிருப்பார்கள்? போதாமல் இருந்தது நாற்காலி.

இன்னொரு இழப்பையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெற்றிலையை இளம்பயிர், முதியம்பயிர் என்று தரம் பிரித்து வேலூர் சந்தைக்கு ஏற்றலாம், இலைக்கு நட்டமில்லை. வகுப்பறை அப்படியில்லை. நன்றாகப் படிக்கும் பெண்ணை எட்டாம் வகுப்போடு எடுத்துப் போனால், மதிய இடைவேளையில் பக்கத்துப் பெஞ்சுக்காரிக்குக் கணக்கு சொல்லித்தர ஆளில்லை. "எம்புள்ளைக்கும் சயின்ஸ் டீச்சர் வேணும்" என்று தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சண்டை போடும் தாயும் கூடவே போய்விடுகிறார். மிச்சமிருக்கும் பள்ளி இன்னும் மெலிகிறது. பிறகு, பாருங்கள், அங்கே யாருமே தேறவில்லை என்கிறோம்.

மாதிரிப் பள்ளியில் படித்த தங்கைகளே, உங்கள் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. நினைவுகளை எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். ஆனால் உங்களோடு எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவளையும் எழுதுங்கள். அவள் வெல்ல ஆலையில் நிற்கிறாளா, கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறாளா, கைக்குழந்தையோடு இருக்கிறாளா? விசாரித்து எழுதுங்கள். அவளை விட்டுவிட்டு எழுதினால் அது பள்ளிக்கான விளம்பரமாகத்தான் முடியும்.

அரசிடம் கேட்பதும் ஒன்றுதான். மாதிரி என்றால் பார்த்து மற்றதைச் செய்வதற்கு. அந்த ஆய்வகத்தையும் ஆசிரியரையும் நூலகத்தையும் பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் ஜேடர்பாளையத்துக்கும் கொண்டுவாருங்கள். பெண்பிள்ளை முதலாவதாக வராமலும் படிக்கட்டும்.